ஹாரன் சத்தமும் என் வலது கையும்

1

தாம்பரத்தில் மாதப் பத்திரிகை நடத்துகிற தம்பி கோதண்டம் ஒரு பேப்பர் துண்டைக் கத்தரித்துக் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறான். நம் மாநிலத்தில் ரோட்டு விபத்து வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறதாம். கூடவே அவன் கையெழுத்தில் நாலு வரி: "அண்ணா, ஜி.எஸ்.டி. ரோட்டை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? நீங்கள் இங்கிலாந்து போய் இந்த மாதத்தோடு ஆறு வருஷம். அந்த ஊர் ரோடு எப்படி, நம்ம ஊர் ரோடு எப்படி, இங்கே ஏன் இத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்."

பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். நான் மூணாம் கிளாஸோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன் நான். அப்பன், சித்தப்பன் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். நான் ஒருத்தன்தான் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தேன். தாம்பரத்தில் லாரிக்குக் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக இரண்டு லாரி வைத்திருந்தேன். ஒரே பெண் வசந்தா. அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். அவள் வேலை கிடைத்து இங்கே வந்தாள். அவள் அம்மா போன பிறகு நானும் லாரிகளை விற்றுவிட்டு வந்தேன். வந்து வீட்டில் சும்மா உட்காரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்த ஊர் லைசென்ஸ் எடுத்து, ஒரு ரொட்டிக் கடையின் வேனை ஓட்டுகிறேன். முதலாளி என்னை 'மேனி' என்று கூப்பிடுவார். மாணிக்கம் அவர் வாயில் நுழையாது. வருஷா வருஷம் விபத்தில்லாமல் ஓட்டினதற்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். ஐந்து அட்டை வாங்கி, சட்டம் போட்டு, மாடிப்படி ஏறுகிற சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள்.

இதையெல்லாம் எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நாலு வரி எழுதுவேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய் ரோட்டைப் பார்ப்பேன். டீ ஆறிப்போகும். திரும்பி வந்து எழுதினதைக் கிழிப்பேன். இரண்டு லாரி வைத்திருந்தவனுக்கு நாலு பக்கம் எழுத இத்தனை அவஸ்தை. காரணம் போகப் போகத் தெரியும்.

2

முதலில் கோதண்டம் கேட்டதற்குப் பதில்.

இங்கே ரோடெல்லாம் பெரிய ரோடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் ரொட்டி போடுகிற தெருக்கள் நம்ம முடிச்சூர் வண்டிப்பாதையைவிடக் கொஞ்சம்தான் அகலம். குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். பனி கொட்டும், வழுக்கும். ஆனால் அந்த இருட்டில் விளக்கில்லாமல் ஒரு வண்டி வராது. நம்ம ஊரில்? கூடுவாஞ்சேரி தாண்டினால் வைக்கோல் ஏற்றின மாட்டுவண்டி முன்னால் போகும். வண்டிக்காரன் தூங்குவான், மாடு நடக்கும். அச்சில் ஒரு லாந்தர் கட்டு என்றால், "மாட்டுக்கு வழி தெரியும்பா" என்பான். மாட்டுக்குத் தெரியும். பின்னால் வருகிற லாரிக்குத் தெரிய வேண்டாமா?

லாரிக்காரனும் ஒன்றும் யோக்கியன் இல்லை. திருச்சி போய் வந்து, இறங்கி முகம் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு அதே லாரியில் மறுபடி ஏறுவான். நானே மூன்று நாள் படுக்காமல் ஓட்டியிருக்கிறேன். ஷெட்டில் உட்கார்ந்து அதை மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லியும் இருக்கிறேன். இங்கே அப்படிச் சொன்னேன். முதலாளி என் முகத்தையே பார்த்தார். "மேனி, இதை வேறு யாரிடமும் சொல்லாதே" என்றார்.

நான் கிளீனராக ஏறின காலத்தில் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எதிரே வருகிற வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரைவருக்கு டிரைவர் பெயர் தெரியும், எவன் எங்கே டீக்கு நிறுத்துவான் என்பதுகூடத் தெரியும். அப்புறம் தொழிற்சாலை வந்தது. வயலில் கல் நட்டு மனை போட்டார்கள். பஸ் கூடிற்று, ஸ்கூட்டர் வந்தது. ரோடு மட்டும் அதே ரோடு. எங்கள் பழக்கமும் அதே பழக்கம். நாலு வண்டி ஓடின காலத்துப் பழக்கத்தை அத்தனை வண்டிக்கு நடுவிலும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தோம். விபத்து கூடினதற்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதில் ஒரு பழக்கம் கை காட்டுவது. இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். ரோடு குறுகல். லாரி முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியாது. அவன் ஹாரன் அடிப்பான். உயரத்தில் உட்கார்ந்திருக்கிற லாரி டிரைவர் எதிரே ரோடு காலியா என்று பார்ப்பான். காலி என்றால் வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக வீசுவான். நான் பார்த்துவிட்டேன், நீ போகலாம் என்று அர்த்தம். இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லைசென்ஸ் எடுக்கும்போதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதைச் செய்து காட்டச் சொல்வார்கள். பின்னால் இருக்கிறவன் அந்தக் கையைப் பார்த்தால் போதும், வேறு யோசிக்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஏறி வருவான். அவனுக்கு லாரிக்காரன் கைதான் கண்.

வருஷக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? ஹாரன் கேட்டதும் கை தானாகப் போகும். இங்கே டிரைவிங் டெஸ்டில் பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். என் கை வெளியே போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரீட்சை அதிகாரி, "மிஸ்டர் மாணிக்கம், யாருக்குக் கை ஆட்டுகிறீர்கள்? தெரிந்தவர் யாராவதா?" என்று கேட்டார். அந்தத் தடவை ஃபெயில். அடுத்த தடவை பாஸ். அது முழுக்க, கை வெளியே போக வழியில்லாமல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடி வைத்திருந்தேன்.

3

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டு மணி. என் வழக்கமான ரூட்டு. மூன்று கிழவிகளுக்கு ரொட்டி போட்டாயிற்று. அதில் ஒரு கிழவியிடம் வந்த புதிதில், புறப்படும்போது நம்ம வழக்கப்படி 'போய்விட்டு வருகிறேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பாவம், திரும்பி வருவேன் என்று வாசலிலேயே ரொம்ப நேரம் குளிரில் நின்றிருக்கிறாள். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு சின்ன கார் வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டினவள் சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். ரோட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும், யாரும் வழி விடவில்லை. இரண்டு தடவை ஹாரனைத் தட்டினாள். நான் வேனை நிறுத்தினேன். கையை வீசினேன். வா, வா.

வேன் கண்ணாடியில் பின்னால் பார்த்தேனா? பார்க்கவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நின்றிருந்த என் வேனைத் தாண்டிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு கார் வந்தது. என் வேன் மறைத்ததில் அவளுக்கு அது தெரியவில்லை, அவனுக்கும் அவள் தெரியவில்லை. கதவில் இடித்தான். கண்ணாடி உடைந்து ரோடெல்லாம் உப்பு கொட்டின மாதிரி கிடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. நடைபாதையில் உட்கார்ந்து, ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, வந்த போலீஸ்காரரிடம் சொன்னாள்: "அந்தப் பெரியவர் என்னை வரச் சொல்லிக் கை காட்டினார்."

போலீஸ்காரர் நோட்டோடு என்னிடம் வந்தார். "நீங்கள் கை காட்டினீர்களா சார்?"

"இல்லை" என்றேன்.

கை எப்படித் தானாகப் போயிற்றோ அப்படியே வாயும் போயிற்று. நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குழம்பிப்போய்ப் பார்த்தாள். "அப்படியா... எனக்கு அப்படித்தான் தெரிந்தது" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ரொட்டித் தட்டெல்லாம் வேனுக்குள் அப்படியே இருக்க, அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4

பத்து நாள் கழித்துப் போலீஸிலிருந்து படிவம் வந்தது. இந்த ஊரில் எதற்கும் படிவம். உன் வண்டி எங்கே நின்றது, படம் போடு. மழையா வெயிலா. விளக்கு எரிந்ததா. ஏழாவது கேள்வி: மற்ற வண்டிக்காரருக்கு நீங்கள் ஏதாவது சைகை செய்தீர்களா?

வசந்தா பகலில் தூங்கி இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். மாப்பிள்ளைக்கு வேறு ஷிப்டு. நாங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு மாசக்கணக்காகிறது. பேத்திக்கு மூன்று வயது, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். வசந்தாவும் இப்போதெல்லாம் திட்டும்போது மட்டும்தான் முழுசாகத் தமிழ் பேசுகிறாள். அன்றைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் யூனிபாரத்தோடு உட்கார்ந்து படிவத்தை எழுதினாள்.

"ஏழாவது. சைகை. இல்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டே இல்ல? 'நோ' போட்டுடறேன்."

"இரு வசந்தா."

"இன்னாப்பா?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவும்?"

"சந்துலேர்ந்து பார்க்காம வந்தது அவதான். அவ மேல கேஸ் போடுவாங்க. வயசானவங்க வூடு வூடாப் போய் சமைச்சு வெச்சிட்டு வர்ற வேலைன்னு சொன்னாங்க. கேஸ் வந்தா வண்டி வேலை போயிடும்."

"கை காட்டினாங்கன்னு அவ சொல்றாளே."

"சொல்லுவா. நீ காட்டலைன்னு சொல்லிட்டே, முடிஞ்சுது." பேனாவை மேஜையில் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, காட்டினியா?"

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

"அப்பா, இங்க அதெல்லாம் பெரிய விஷயம். மாத்திச் சொன்னா உன் மேல கேஸ் வரும். உன் வயசுக்கு மறுபடி டெஸ்ட் வெப்பாங்க. வேனைப் புடுங்கிப்பாங்க. அப்புறம் இந்த வூட்ல நாள் முழுக்க இன்னா பண்ணுவே? என்னையும் பாப்பாவையும் பேஜார் பண்ணிக்கினு இருப்பே." கொஞ்சம் சிரித்தாள். பிறகு 'நோ' என்று எழுதினாள். எழுதினதை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தாள், அப்புறம் எல்லாப் பதிலையும் மேலிருந்து இன்னொரு தடவை.

"ஒரு தடவை படிச்சாப் போதாதா?" என்றேன், பேச்சை மாற்ற.

"தேவசகாயம் சார் பழக்கம்ப்பா. போர்டுல கணக்கு எழுதிட்டு ரெண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்ப்பாரு. 'நான் பார்த்ததை நம்பாதீங்க புள்ளைங்களா, நீங்களும் பாருங்க'ன்னு சொல்லுவாரு. நாங்க பின்னாடி சிரிப்போம். இப்போ மருந்து அளவை ரெண்டு தடவை பார்க்காம நான் ஊசி போட மாட்டேன். வார்டுல எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க."

பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் படிவத்தைத் தபாலில் போடவில்லை.

5

தேவசகாயம் சாரைத் தாம்பரத்தில் பலருக்குத் தெரியும். கணக்கு வாத்தியார். அப்போது அவர் வீடு அஸ்தினாபுரம், பள்ளிக்கூடம் மேற்குத் தாம்பரம். ஸ்கூட்டர் வைத்திருந்தார், அந்த நாளில் வாத்தியார் ஸ்கூட்டரில் வருவது பெரிய விஷயம். ஒரு காலையில் சானடோரியம் தாண்டி அவர் ஸ்கூட்டர் பஸ்ஸில் மோதினதும், வலது கால் முழங்காலுக்குக் கீழே போனதும் தெரியும். லாரி டிரைவர் ஒருத்தன் அவரைத் தன் லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததும் தெரியும். அந்த டிரைவர் நான். ஊரே என்னைப் பாராட்டிற்று. ஷெட்டில் மாலை போட்டார்கள்.

தெரியாதது இது.

அப்போது நான் இன்னொருத்தர் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் முதல் சொந்த லாரிக்கு ரோட்டோரத்து ஷெட் ஒன்றில் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நெற்றிப் பலகையில் என் பெயர் எழுதுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கிளீனர் லீவு, நான் தனியாகத் தெற்கே போகிறேன். ஷெட் இடது பக்கம் வந்தது. பெயிண்டர் ஏணியில் நின்றுகொண்டு 'மா' எழுதி முடித்து 'ணி' எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம். நான் பார்த்தேன். எப்படிப் பார்க்காமல் இருப்பேன்? குப்பத்திலிருந்து வந்தவன் பெயர், ஆள் உயரத்துக்கு.

பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை.

என் கை வெளியே போயிற்று. வீசிற்று. கண் இடது பக்கம், என் பெயர் மேல். எதிரே ரோட்டை நான் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். பஸ் வந்த வேகத்தில் சாய்ந்து நின்றிருந்தது. ஸ்கூட்டர் அதன் முன் சக்கரத்துக்குக் கீழே. நான் குதித்து ஓடினேன். அவரைத் தூக்கினேன். அதில் பொய்யில்லை. என் மடியில் அவர் தலை, என் வேட்டியெல்லாம் ரத்தம்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வார்டில் ஏட்டு விசாரணைக்கு வந்தார். கட்டிலில் சார். தலைமாட்டில் அவர் மனைவி. பக்கத்துக் கட்டில்காரர்கள் இரண்டு பேர். நான் கால்மாட்டில், கால் இல்லாத அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தேன்.

சார் மெல்லிய குரலில் சொன்னார்: "லாரி டிரைவர் போகச் சொல்லிக் கை காட்டினார். அதைப் பார்த்துட்டுத்தான் போனேன்."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா டிரைவரே? கை காட்னியா?"

என் லாரிக்குப் பர்மிட் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு கேஸ் விழுந்தால் பர்மிட் கிடையாது. 'மாணி' வரை எழுதின பெயரை அழிக்க வேண்டியதுதான். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் என் தலையில் இருந்தது.

"இல்லீங்க. நான் கை காட்டல."

"சாருக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும், வெயிலு" என்று ஏட்டே எனக்கு எடுத்துக்கொடுத்தார்.

தேவசகாயம் சார் என்னை நெடு நேரம் பார்த்தார். நான் அவரைத் தூக்கி வந்தவன், நான் பொய் சொல்வேன் என்று அவர் மனசு நம்பவில்லை. கடைசியில், "அப்படியா... எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. அப்போ என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு" என்றார்.

கேஸ் அவர் மேல் எழுதினார்கள். கவனமில்லாமல் ஓட்டினார் என்று. எட்டு மாதம் கழித்துக் கட்டைக் காலோடு பள்ளிக்கூடம் வந்தார். ஊரில் ஒரு பேச்சு: கணக்கு வாத்தியாருக்கு எதிரே வர்ற பஸ் தெரியலையாம், ஸ்கூட்டர் திமிரு. பர்மிட் எனக்குக் கிடைத்தது. பெயிண்டர் மீதி எழுத்தை எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். "கண்ணு கெட்டுடுச்சுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார் மாணிக்கம். நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன். இல்லாத கையைப் பார்த்த கண்ணாச்சே. எப்படி நம்பறது?" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்புவார்கள். கேக்கும் முறுக்கும், மேலே கையால் தைத்த துணி. "அண்ணா, நீங்க இல்லைன்னா அவர் இல்லை" என்று வாசலில் நின்று சொல்வார்கள். வசந்தாவும் அவள் அம்மாவும் சாப்பிடுவார்கள். எனக்குப் பல்வலி என்று சொல்லிவிடுவேன். மகள் கூப்பிட்டாள் என்றுதான் இங்கிலாந்து வந்தேன், எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்தத் தட்டுக்குப் பயந்தும் வந்தேன்.

6

வசந்தா காலையில் வேலை முடிந்து வந்தபோது மேஜையில் அந்தப் படிவம் அப்படியே இருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

எழுந்து குழாயைத் திறந்து கை கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

"சார் என்னாண்ட ஒரு நாள் கேட்டாருப்பா. 'உங்கப்பா சௌக்கியமா, நல்ல மனுஷன்'னு. எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு?"

"தெரியும்."

"உனக்கு இன்னா தெரியும்! நாங்க புள்ளைங்க எல்லாம் அவரு பின்னாடி சிரிச்சோம். போர்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாருன்னு சிரிச்சோம்!" அவள் குரல் உடைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அதனாலதானே உனக்கு அந்த நல்ல பழக்கம் வந்துச்சு..." என்று இழுத்தேன். ஏன் சொன்னேனோ.

"அத்தச் சொல்லாதே நீ. அத்தச் சொல்ற உரிமை உனக்கில்ல."

சரிதான். இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படிவத்தை இழுத்து, 'நோ'வை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'யெஸ்' என்று எழுதினாள். இரண்டு தடவை படித்தாள். "தபால்ல வேணாம். நேர்ல போலாம், எழுந்திரு" என்றாள். தூங்காத கண்ணோடு அவளே காரை ஓட்டினாள்.

ஸ்டேஷனில் வயசான அதிகாரி ஒருவர் படிவத்தைப் பார்த்தார். முதலில் இல்லை என்றீர்களே என்றார். பொய் சொன்னேன் என்றேன். என் ஆங்கிலத்தில் அது ஒரு சின்ன வாக்கியம், தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. எப்படிக் கை காட்டினீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். அந்த மேஜைக்கு முன்னால் வலது கையை நீட்டி, முன்னும் பின்னும் வீசிக் காட்டினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்து காட்டினபோதுகூட இவ்வளவு சரியாகச் செய்திருக்க மாட்டேன். அவர் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் மேல் கேஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை அவளிடம் நானே சொல்லக் கேட்டேன், அப்படி வழக்கம் இல்லையாம். என் மேல் கேஸ் வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "மேனி, எனக்கு வருத்தம்தான்" என்றார், அவருக்கு நிஜமாகவே வருத்தம். ஆறாவது அட்டை வராது. சுவரில் இருக்கிற ஐந்தையும் கழற்றலாமா என்று இரண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறி, இறங்கிவிட்டேன். இந்த ரூட்டில் அந்த ஐந்தும் நான் ஒழுங்காகச் சம்பாதித்தது. அது இருக்கட்டும்.

காலை எட்டு மணிக்கு இப்போது எனக்குப் போக இடமில்லை. ஜன்னலில் நிற்கிறேன். வேறு எவனோ ஓட்டுகிற அந்த வேன் போகிறது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் இன்னமும் என் விரல் அசைகிறது.

7

கோதண்டம், நீ கேட்டதற்கு வந்துவிட்டேன். லாந்தர் கட்டச் சொல். டிரைவரைத் தூங்க விடச் சொல். ரோட்டை அகலப்படுத்தச் சொல். எல்லாம் சரி. ஆனால் நான் சொன்னதாக ஒன்று கொட்டை எழுத்தில் போடு: முன்னால் போகிறவன் கையை நம்பி எதிரே வண்டியை விடாதீர்கள். லாரிக்காரர்களே, பின்னால் இருக்கிறவனுக்குக் கை காட்டாதீர்கள், அவனுக்குக் கண் இருக்கிறது. காட்டித் தொலைத்துவிட்டால், காட்டினேன் என்று சொல்லுங்கள். கால் போனவருக்கு அதற்கு அப்புறம் மிச்சம் இருப்பது, தான் பார்த்ததில் தனக்கு இருக்கிற நம்பிக்கை. நான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

இதை சாருக்குத் தனியாகக் கடிதமாக எழுதலாமே என்று வசந்தாவே கேட்டாள். பொய்யை நான் வார்டில் நாலு பேர் முன்னால் சொன்னேன். ஊர் முழுக்க அது போயிற்று. உண்மையை மட்டும் ஒட்டின கவரில் அனுப்புவது என்ன நியாயம்? தாம்பரத்தில் எல்லாரும் படிக்கட்டும். திமிர் என்று பேசினவர்கள் முக்கியமாகப் படிக்கட்டும்.

தேவசகாயம் சார், அஸ்தினாபுரத்தில் இன்னும் அதே வீடுதானா என்று தெரியவில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வரும், கோதண்டம் பொறுப்பு. அன்றைக்குச் சானடோரியம் தாண்டி, என் லாரியின் வலது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முன்னும் பின்னும் வீசிற்று. போகலாம் என்று சொல்லிற்று. அது என் கை. நீங்கள் பார்த்தது பார்த்ததுதான். அம்மாவிடம் இனிமேல் அந்தத் தட்டு யாருக்கும் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் வயசாகியிருக்கும். வயசுக்காகக் கண்ணாடி போட்டிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் சார். என் பேச்சுக்காகப் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.